தேடுபொறியோடு விளையாட்டு: சனிக்கிழமைதோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் தேடல் விளையாட்டு நடத்துகிறேன். நான்கு கணினிகள், அதில் ஒன்று நினைத்தால்தான் ஓடும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைகள். மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவந்துவிட்டு எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள். அப்புறம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. அவர் வராத வாரமே கிடையாது.

வாராவாரம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"கூகுள்ல போய் விளையாடறதா? அதுல என்னக்கா விளையாட்டு இருக்கு?"

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அந்த நிறுவனத்துக்காரர்களே வேடிக்கைக்காக உள்ளே ஒளித்து வைத்தவை. குறிப்பிட்ட சொல்லைத் தட்டினால் பக்கம் ஆடும், சாயும், சிரிக்க வைக்கும். இன்னொன்று, தேடுபொறியை வைத்து ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த ஆட்டங்கள். அதற்கு விதிமுறை உண்டு, வெற்றி தோல்வி உண்டு, சண்டையும் உண்டு.

முதல் வகை ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். இரண்டாவதில்தான் ருசி. அந்த இயந்திரம் எதை நிஜமாகத் தெரிந்து சொல்கிறது, எங்கே சும்மா அடித்துவிடுகிறது என்பது விளையாட விளையாடப் பிடிபடும். நான் இந்தக் கூட்டத்தை நடத்துவதே அதற்காகத்தான்.

"முதல்ல அந்த ஒளிச்சு வெச்சதைக் காட்டுங்க."

சரி. ஆங்கிலத்தில் 'டூ எ பேரல் ரோல்' என்று தட்டுங்கள். பக்கம் முழுசாக ஒரு குட்டிக்கரணம் போட்டு நிற்கும். 2011 முதல் இது இருக்கிறது. 'அஸ்க்யூ' என்றால் பக்கம் ஒரு பக்கமாகச் சாயும். 'ரிகர்ஷன்' என்றால் 'நீங்கள் தேடியது ரிகர்ஷனா?' என்று அதே சொல்லையே திருப்பிக் கேட்கும். தட்டினால் மறுபடியும் அதே கேள்வி. தன்னைத் தானே அழைத்துக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். 'அனகிராம்' என்றால் 'நேக் எ ராம்' என்பதையா தேடினீர்கள் என்று கேட்கும். அதே எழுத்துகள், இடம் மாறி நிற்கின்றன.

எனக்குப் பிடித்தது கணக்குப் போடும் பகுதியில் இருப்பது. 'எப்போதாவது ஒருமுறை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள். அதைத் தட்டினால் 1.16699016 × 10⁻⁸ ஹெர்ட்ஸ் என்று விடை வரும். ஒரே மாதத்தில் இரண்டாவது பௌர்ணமி வருவது ஏறக்குறைய 2.7 வருடத்துக்கு ஒருமுறை; அதை நொடிக்கு எத்தனை தடவை என்று மாற்றியிருக்கிறார்கள். நாம் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்திப்பூவுக்கு ஹெர்ட்ஸ் கணக்கு இதுவரை யாரும் போட்டுத் தரவில்லை.

பாம்பு, சாலிடேர், டிக்-டாக்-டோ போன்றவற்றின் ஆங்கிலப் பெயரைத் தட்டினாலே அங்கேயே ஆடலாம். 2010 மே 21 அன்று பாக்-மேன் விளையாட்டின் 30ஆம் ஆண்டுக்காக முகப்புப் படத்தையே விளையாட்டாக்கியிருந்தார்கள். அன்று உலக அலுவலகங்களில் 48 லட்சம் மணி நேரம் வீணாகியது என்று ரெஸ்க்யூடைம் என்ற நிறுவனம் கணக்குக் காட்டியது. ஊகக் கணக்குதான். ஆனாலும் நான் அன்றைக்கு ஆபீசில் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

"நெட் கட் ஆனா டைனோசர் ஓடுதே, அதுவும் இதுல சேர்த்தியா?"

இல்லை. அது குரோம் உலாவியில் இருப்பது, தேடுபொறியில் இல்லை. 2014இல் சேர்த்தார்கள். நம் நூலகத்தில் அதைத்தான் அதிகம் ஆடியிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

"ஒத்த முடிவு ஆட்டம்னு சொல்றீங்களே, அது எப்படி?"

இந்தக் கூட்டத்தின் ராஜா விளையாட்டு இதுதான். இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். உலகத்திலேயே ஒரே ஒரு பக்கம் மட்டும் முடிவாக வர வேண்டும். இரண்டு வந்தால் தோல்வி, எதுவும் வராவிட்டாலும் தோல்வி. ஆங்கிலத்தில் இதற்கு 'கூகுள்வேக்' என்று பெயர். கேரி ஸ்டாக் என்ற அமெரிக்கர் 2002 ஜனவரியில் வைத்த பெயர். விதிகள் நான்கு: இரண்டே சொற்கள். இரண்டும் அகராதியில் இருக்க வேண்டும். மேற்கோள் குறி போடக்கூடாது. கிடைக்கிற பக்கம் வெறும் சொற்பட்டியலாக இருக்கக்கூடாது.

'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் ஸ்காலிவேக்ஸ்' என்பது அந்தக் காலத்தில் பேர்போன ஜோடி. 'இரு கையாலும் வேலை செய்கிற போக்கிரிகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். டேவ் கோர்மன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர், தன்னுடைய சொந்த இணையப் பக்கமே இப்படி ஒரு ஒற்றை முடிவு என்று தெரியவந்ததும், அப்படிப்பட்ட பக்கங்களின் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டு நாடு நாடாக அலைந்தார். பிறகு அந்த அலைச்சலையே மேடை நிகழ்ச்சியாக்கிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. 2002இல் கூகுள் தன் முகப்பிலேயே சுமார் 200 கோடிப் பக்கங்களைத் தேடுவதாகப் போட்டிருந்தது. 2008இல் ஒரு லட்சம் கோடி முகவரிகளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னது. வைக்கோல் போர் அவ்வளவு பெரிதாகிவிட்டது. எனவே ஆங்கிலத்தில் இன்று ஜெயிப்பது குதிரைக்கொம்பு.

"வேடிக்கையான ஜோடியாத்தான் போடறேன், ஆனா ஆயிரக்கணக்குல வருதே?"

எல்லோரும் விழுகிற குழி இது. போன மாதம் ஒரு பெண் 'தவளை ஆளுநர்' என்று தட்டிவிட்டு ஜெயித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தாள். முடிவுகள் பக்கம் பக்கமாக வந்தன. தவளையும் ஆளுநரும் எங்கே சந்தித்தார்கள் என்று முதல் முடிவைத் திறந்து பார்த்தோம். அது ஒரு செய்தித்தளம். நடுவில் மழைக்காலத் தவளைகள் பற்றிய கட்டுரை. வலப்பக்க ஓரத்தில் 'மேலும் படிக்க' என்று பத்துத் தலைப்புகள், அதில் ஒன்றில் ஆளுநர்.

இயந்திரத்துக்கு நடுப்பக்கம், ஓரம் என்ற வித்தியாசம் நமக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியாது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் போதும். அதனால் சிரிப்பு வருகிற ஜோடியைத் தேடாதீர்கள். அபூர்வமான சொல்லைத் தேடுங்கள். செய்தியில் அடிபடாத சொல், சமையல் குறிப்பில் வராத சொல், ஜோசியத்தில் வராத சொல். ஜோசியத்தில் வராத தமிழ்ச் சொல் கிடைப்பதுதான் மகா கஷ்டம்.

"தமிழ்ல ஆடினா ரொம்ப ஈஸியா ஜெயிக்கலாமே, அது செல்லுமா?"

செல்லாது. இதைக் கண்டுபிடித்த பையன் கெட்டிக்காரன், ஆனாலும் செல்லாது. தமிழில் ஒரு சொல்லின் வாலில் எவ்வளவு வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போகலாம். 'படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்துகூடவா' என்று ஒரே மூச்சில் எழுதினால் அது ஒரே சொல். அப்படியே எழுதியவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார். இது வெற்றி இல்லை, இலக்கணத்தின் உபயம்.

எனவே நாங்கள் வைத்த விதி: பெயர்ச்சொல் என்றால் வேற்றுமை உருபு, 'உம்', 'தான்', 'ஆவது' எதுவும் ஒட்டாமல் வெறும் சொல்லாக இருக்க வேண்டும். இரண்டு சொல்லும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் இருக்க வேண்டும். 1924 தொடங்கி 1936க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அகராதிப் பக்கமே முடிவாக வந்தால் அது கணக்கில் சேராது.

இந்த விதிக்குப் பிறகு எட்டு வாரத்தில் இரண்டு பேர்தான் ஜெயித்தார்கள். பிள்ளைகள் பேரகராதியைப் புரட்டுகிறார்கள் என்பது உபரி லாபம்.

"ஜெயிச்ச ஜோடியை என் பிளாக்ல எழுதினேன். இப்ப ரெண்டு முடிவு வருதே!"

நீதான் அந்த இரண்டாவது முடிவு. இந்த ஆட்டத்தின் சாபம் இது: வெற்றியை இணையத்தில் எழுதினால், எழுதிய பக்கத்தையும் தேடுபொறி எடுத்துக்கொள்ளும், ஒற்றை இரட்டையாகிவிடும். அதனால்தான் நாங்கள் ஜெயித்த ஜோடிகளை நோட்டில் பேனாவால் எழுதி வைக்கிறோம். அந்த நோட்டு என் பையில் இருக்கிறது. இந்தப் பக்கத்திலும் அவற்றைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கூகுளுக்கே இந்தத் தலைவலி வந்தது. 2011இல் தினம் ஒரு புதிர் போட்டு, தேடி விடை கண்டுபிடிக்கச் சொல்லும் 'ஏ கூகுள் எ டே' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார்கள். காலையில் ஒருவர் விடையை எழுதிப் போட்டால் மத்தியானம் வருகிறவருக்கு அதுதானே முதலில் வரும்? அதற்காகவே, ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய இணையத்தை மட்டும் தேடுகிற தனிப் பதிப்பை வைத்தார்கள்.

"'ஔவையார்' என்று நான் தேடினால் ஒரு கணக்கு, பேரன் தேடினால் வேறு கணக்கு. எழுத்து ஒன்றுதானே, அம்மா?"

ஐயாவின் கேள்வி. பார்க்க ஒன்று, உள்ளே வேறு. ஐயா 'ஔ' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டுகிறார். பேரன் அவசரத்தில் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டுகிறான்: ஒளவையார். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். கணினிக்கோ ஒன்று ஔவை, இன்னொன்று ஒ-ள-வை. 'ஒளி'யில் வருகிற ஒள. இதே கதைதான் 'கௌ'வுக்கும். 'கெ' போட்டு 'ள' போட்டால் கண்ணுக்குக் கௌ, கணினிக்குக் கெள.

'ஸ்ரீ' இன்னும் விசேஷம். அதை ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் உண்டாக்கலாம், ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் உண்டாக்கலாம். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒரு பொது எண் கொடுக்கிற யூனிகோடு என்ற குறியீட்டில் இந்த ஶ 2005இல்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும்.

இதையே நாங்கள் விளையாட்டாக்கிவிட்டோம். ஒருவர் சொல்லை இரண்டு விதமாகத் தட்டுவார். தேடுபொறி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறதா, வேறு வேறாக நடத்துகிறதா என்று மற்றவர்கள் பந்தயம் கட்டுவார்கள். சில தவறுகளை அது பெருந்தன்மையோடு மன்னிக்கிறது, சிலவற்றை மன்னிப்பதில்லை. அந்தத் தீர்ப்பு ஆறு மாதத்தில் மாறியும் போகிறது. ஐயா மட்டும் எதையும் மன்னிப்பதில்லை.

"கோயிலா, கோவிலா? எது நிறைய வருதோ அதுதானே சரி?"

இதற்கு 'சண்டை' என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டு சொல்லைத் தனித்தனியாகத் தேடி, முடிவுகளின் எண்ணிக்கை எதற்கு அதிகமோ அதற்கு வெற்றி. ஆங்கிலத்தில் கூகுள்ஃபைட் என்ற தளம் இதற்காகவே இருந்தது. கோயில்-கோவில், கறுப்பு-கருப்பு, இட்லி-இட்டிலி என்று எங்களுக்குச் சண்டைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த எண்ணை நம்பாதீர்கள். 'சுமார்' என்று முன்னால் ஒரு சொல் நிற்கிறதே, அதுதான் உண்மை. தேடுபொறி எல்லாப் பக்கத்தையும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. அது ஒரு மதிப்பீடு. லட்சக்கணக்கில் என்று காட்டும். கடைசிப் பக்கம்வரை தட்டிக்கொண்டே போனால் சில நூறோடு நின்றுவிடும். அதே சொல்லைப் பத்து நிமிடம் கழித்துத் தேடினால் எண் மாறியிருக்கும். கல்யாண வீட்டில் சமையல்காரர் பந்தியை எட்டிப் பார்த்து 'ஒரு முந்நூறு பேர் இருக்கும்' என்பாரே, அந்த மாதிரி.

நிஜமான சண்டை வேண்டுமென்றால் 2006இல் வந்த கூகுள் ட்ரெண்ட்ஸில் போடுங்கள். அது பக்கங்களை எண்ணாது. ஜனங்கள் எதை அதிகம் தேடினார்கள் என்பதை 0 முதல் 100 வரையிலான அளவில் கோடு போட்டுக் காட்டும். எது 'சரி' என்ற கேள்விக்கு ஐயாவின் பதில்: "ஓட்டெடுப்பு நடத்தி இலக்கணம் எழுதுவதில்லை."

"எங்க வீட்டுல அந்த நம்பரே வரலையே?"

கணினியில் தேடல் பெட்டிக்குக் கீழே 'கருவிகள்' என்று இருப்பதைத் தட்டினால் தெரியும். முன்பு வெளிப்படையாகவே இருந்தது, பிறகு உள்ளே தள்ளிவிட்டார்கள். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"பாதி தட்டும்போதே மீதியை அதுவே சொல்லுதே, அதை வெச்சு ஆடலாமா?"

அம்மாக்களுக்குப் பிடித்த ஆட்டம் இதுதான். ஒருவர் திரையை மறைத்துக்கொண்டு 'ஏன் பூனை' என்று தட்டுவார். மற்றவர்கள், அடுத்து வரும் பரிந்துரைகள் என்னவாக இருக்கும் என்று தாளில் ஐந்து எழுத வேண்டும். பட்டியலில் முதலாவதாக இருப்பதைச் சரியாகச் சொன்னால் ஐந்து புள்ளி, கடைசிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் கூகுள் ஃபியூட் என்று 2013இல் வந்த விளையாட்டு இதே அடிப்படைதான்.

இந்த வசதி 2004 டிசம்பரில் 'கூகுள் சஜஸ்ட்' என்ற பெயரில் சோதனையாக வந்தது. 2008இல் முகப்புக்கு வந்து நிலைத்தது. பிறர் நிஜமாகத் தேடியவற்றிலிருந்துதான் பரிந்துரை எடுக்கப்படுகிறது. அதனால் ஆட்டத்தில் ஜெயிக்க, 'எனக்கு என்ன தெரிய வேண்டும்' என்று யோசிக்கக்கூடாது. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் போனை வைத்துக்கொண்டு ஊரில் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டும். 'குழந்தை ஏன்' என்று கொடுத்தபோது பிள்ளைகள் 'அழுகிறது' என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் 'தூக்கத்தில் சிரிக்கிறது' என்று எழுதினார். அவர்தான் அன்றைக்கு ஜெயித்தார்.

வன்முறை, வெறுப்பு, ஆபாசம் சார்ந்த பரிந்துரைகளை நிறுவனம் வடிகட்டிவிடும். சில தொடக்கங்களுக்குப் பட்டியலே வராமல் போவது அதனால்தான்.

"என் போன்ல வேற வருது, அவன் போன்ல வேற வருது. யார் ஏமாத்தறது?"

யாரும் ஏமாற்றவில்லை. இருக்கிற ஊர், போனின் மொழி அமைப்பு, முன்பு தேடியது எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றும். போட்டியில் எல்லோரும் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில், கணக்கிலிருந்து வெளியேறி, ஒரே மொழி அமைப்பில் ஆட வேண்டும். அப்போதும் சின்ன வித்தியாசம் வரும். அந்த மாதிரி நேரத்தில் ஓடாத கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்தான் நடுவர். என் தீர்ப்பே இறுதியானது.

"எல்லாரும் சேர்ந்து கூகுளையே ஏமாத்தினாங்களாமே, நிஜமா?"

நிஜம். அதற்குக் 'கூகுள் குண்டு' என்று பெயர். ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது நீலத்தில் அடிக்கோடிட்ட சொற்கள் இருக்குமே, அந்தச் சொற்களை வைத்தும் தேடுபொறி அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று முடிவு செய்யும். ஆயிரம் பேர் 'சோம்பேறி' என்று எழுதி உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், உங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லாவிட்டாலும், 'சோம்பேறி' என்று தேடுகிறவருக்கு நீங்கள் வருவீர்கள்.

2001இல் ஆடம் மேத்ஸ் என்பவர் ஒரு நண்பரைக் கேலி செய்ய இதைச் செய்து, பெயரும் வைத்தார். 2003 கடைசியில் இது அரசியலுக்குப் போனது. 'மிசரபிள் ஃபெயிலியர்', அதாவது படுதோல்வி, என்று தேடினால் வெள்ளை மாளிகைத் தளத்தில் இருந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அதே சொல்லுக்கு முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரையும், புஷ்ஷை விமர்சித்த ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூரையும் மேலே கொண்டுவரப் பாடுபட்டது. நிறுவனம் பல வருடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, 2007 ஜனவரியில்தான் இத்தகைய குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் மாற்றத்தைச் செய்தது.

"அப்ப 'இடியட்'னு தேடினா டிரம்ப் படம் வந்துச்சே, அதுவும் குண்டா?"

அதை முழுக்கக் குண்டு என்று சொல்ல முடியாது. 2018இல் டிரம்ப் லண்டன் போன சமயத்தில் நடந்த கிண்டல் பிரசாரத்தால் அந்தச் சொல்லும் அவர் பெயரும் செய்திகளில் சேர்ந்தே அடிபட்டன. அப்புறம் 'இப்படித் தேடினால் இப்படி வருகிறது' என்பதே செய்தியானது. அந்தச் செய்திகளிலும் அதே சொல், அதே படம். மேலே பிளாக்கில் எழுதி இரட்டையாக்கிக்கொண்ட கதைதான், ஆனால் உலக அளவில்.

2018 டிசம்பர் 11 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையிடம் ஸோ லோஃப்கிரன் என்ற உறுப்பினர் இதை நேரடியாகக் கேட்டார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த மனிதர், அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து 'இடியட்' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்துகொண்டிருந்தார். 200க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துப் பக்கங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன, கையால் யாரும் எடுத்து வைப்பதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

"இல்லாத வார்த்தையைத் தேடினா என்ன ஆகும்?"

சில நாள் ஒன்றும் ஆகாது. யாராவது அந்தச் சொல்லை வைத்து விளையாடத் தொடங்கினால் உலகமே அதை நம்பும். 2005இல் சி'டி என்ற ஜெர்மன் கணினி இதழ் 'ஹோமிங்பெர்கர் கெபார்டன்ஃபோரெல்லெ' என்று ஒரு சொல்லை இட்டுக்கட்டியது. சிறுத்தைப்புலி மாதிரி ஒரு டிரவுட் மீன். அப்படி ஒரு ஊரும் இல்லை, மீனும் இல்லை. அந்தச் சொல்லுக்கு யார் பக்கம் முதலில் வருகிறது என்பதுதான் போட்டி. அந்த மீனைப் பிடிப்பது எப்படி, சமைப்பது எப்படி என்றெல்லாம் பக்கங்கள் முளைத்தன.

இதைவிடக் குறும்பான ஆட்டத்தைக் கூகுளே ஆடியது. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங், கூகுளின் முடிவுகளைப் பார்த்து எழுதுகிறதோ என்று அதற்குச் சந்தேகம். சுமார் 100 அர்த்தமில்லாத தேடல் சொற்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தை முதல் முடிவாகக் கையால் வைத்தது. அதில் ஒன்று எச்-ஐ-ஒய் என்று தொடங்கி பத்து எழுத்து ஓடும். வாயால் சொல்லவே முடியாது. அதற்குக் கொடுத்த முடிவு, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு அரங்கின் இருக்கை வரைபடம். 20 பொறியாளர்கள் வீட்டிலிருந்து, பிங் கருவிப்பட்டை போட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தச் சொற்களைத் தேடித் தட்டினார்கள். 2010 டிசம்பர் 17இல் தொடங்கினார்கள். மாதம் முடிவதற்குள் பிங்கிலும் அதே இருக்கை வரைபடம் வந்துவிட்டது! 100இல் ஏழோ ஒன்பதோதான் மாட்டின. 2011 பிப்ரவரியில் விஷயம் வெளியானதும், 'சம்மதித்த பயனர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதும் எங்களுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்' என்கிற மாதிரி மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. பக்கத்து இலையைப் பார்த்துப் பரிமாறச் சொன்னதற்கும் காப்பி அடித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் பிள்ளைகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"இப்ப மேலயே ஏஐ பதில் வந்துடுதே, இனிமே இந்த விளையாட்டெல்லாம் அவ்வளவுதானா?"

புது விளையாட்டு கிடைத்திருக்கிறது. 2025இல் ஆங்கிலத்தில் பலர் இதை ஆடினார்கள்: இல்லாத ஒரு பழமொழியை இட்டுக்கட்டி, பின்னால் 'பொருள்' என்று சேர்த்துத் தேடுவது. 'வளைக்கரடியை இரண்டு தடவை நக்க முடியாது' என்று ஒருவர் தட்ட, ஒரே ஆளை இரண்டு முறை ஏமாற்ற முடியாது என்பது அதன் பொருள் என்று ஏஐ பதில் வந்தது. அப்படி ஒரு பழமொழியே கிடையாது.

நாங்களும் முயன்றோம். 'கோழி கொட்டாவி விட்டால் குளம் வற்றும்' என்பது ஒரு ஆறாம் வகுப்பு மாணவனின் படைப்பு. சின்ன அலட்சியம் பெரிய இழப்பில் முடியும் என்பதை நம் முன்னோர்கள் அழகாகச் சொன்னார்கள் என்று பதில் வந்தது. ஐயா எழுந்து நின்றுவிட்டார். "எந்த முன்னோர்?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். பதில் எப்போதும் இப்படியே வரும் என்றில்லை. சில வாரம் 'அப்படி ஒரு பழமொழி கிடைக்கவில்லை' என்று ஒழுங்காகச் சொல்கிறது. எது எப்போது என்று பந்தயம் கட்டுவதுதான் ஆட்டம்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 மே மாதத்தில், பீட்சாவில் சீஸ் வழுக்கி விழாமலிருக்கப் பசை சேர்க்கச் சொன்னதும் இதே ஏஐ பதில்தான். ரெட்டிட் என்ற அரட்டைத் தளத்தில் பதினோரு வருடம் முன்பு யாரோ எழுதிய நக்கலை நெஜம் என்று எடுத்துக்கொண்டது. இயந்திரத்துக்கு நக்கல் புரியாது என்பதை நினைவில் வையுங்கள், வீட்டுப்பாடத்தின்போது முக்கியமாக.

"இதெல்லாம் படிப்புக்கு உதவுமா, மேடம்?"

மதிப்பெண் வராது.

"திடீர்னு 'நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க'ங்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒன்றும் இல்லை. நான்கு கணினியும் ஒரே இணைப்பில் இருந்துகொண்டு, ஒற்றை முடிவு ஆட்டத்தின்போது நிமிடத்துக்கு முப்பது தடவை தேடினால் வெளியிலிருந்து பார்க்க அது ரோபோ மாதிரிதான் இருக்கும். படத்தில் போக்குவரத்து விளக்கைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

"கூடப் படிக்கிற பையன் பேரைப் போட்டுத் தேடலாமா?"

கூடாது. உன் பெயரைத் தேடிப் பார், உன் அம்மாவோடு உட்கார்ந்து. மற்றவர்கள் பெயர் ஆட்டத்தில் இல்லை. இந்தக் கூட்டத்தில் இந்த ஒரு விதிக்கு மட்டும் விவாதமே கிடையாது.

"தேடி எதுவும் கிடைக்காவிட்டால், அது இணையத்தில் இல்லை என்றுதானே பொருள்?"

ஐயாதான் மறுபடியும். இல்லை, ஐயா. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று குறியீடுகளே பல. அந்த எழுத்துரு இருந்தால் திரையில் தமிழ் தெரியும். தேடுபொறிக்குத் தெரிவதோ, உச்சியில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. அந்தப் பக்கங்களில் சில இன்னும் இருக்கின்றன. தமிழில் தேடினால் ஆயுசுக்கும் வராது.

ஐயா அப்படியொரு இணைய இதழில் சங்கப் பாடல் ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். படி எதுவும் கையில் இல்லை. பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், சுத்தமான தமிழில். ஒரு சனிக்கிழமை, கட்டுரைத் தலைப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு அந்தக் காலக் குறியீட்டுக்கு மாற்றினோம். வந்த குப்பையை மேற்கோள் குறிக்குள் அப்படியே ஒட்டித் தேடினோம். ஒரே ஒரு முடிவு வந்தது.

பிள்ளைகள் கத்திய கத்தலில் நூலகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விதிப்படி அது செல்லாது: மேற்கோள் குறி உண்டு, அகராதிச் சொல் இல்லை. நடுவர் என்ற முறையில் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தலைப்பை எங்கேயும் எழுதிவிடாதே அம்மா, இரண்டாகிவிடும்" என்றார். நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறேன்.